சொல்லிக் கொடுப்பவரே பரீட்சை வைக்கலாமா?

மளிகை வியாபாரிகளும் சில்லறை வணிகர்களும் படிக்கும் ஏட்டில் நகத்துக்குச் சாயம் பூசும் தொழிலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். பருப்பு வரத்து, எண்ணெய் விலை, ஜி.எஸ்.டி. நோட்டீஸ் என்று நமக்கு இருக்கிற தலைவலி போதாதா என்றும் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் நெல்லை டவுண் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்திலும் நம்மவர்கள் தங்கள் கட்டடங்களின் மாடியை இன்று யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று ஒரு முறை அண்ணாந்து பார்க்கும்படி கேட்டுக் கொள்கிறோம். ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டும் தையல் வகுப்பும் நடந்த அறைகளில் இப்போது பியூட்டி பார்லர் நடக்கிறது. அதன் ஓரத்தில் இரண்டு மேசையைப் போட்டு, ‘நெயில் ஆர்ட் பயிற்சி அளிக்கப்படும்’ என்று போர்டும் மாட்டியிருக்கிறார்கள். கீழே நமது கடையில் நெயில் பாலிஷும் ஒட்டு நகமும் மருதாணி கோனும் அட்டை அட்டையாகத் தொங்குகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மேசையில் உட்கார்ந்து பணம் கட்டிப் படிக்கிற பெண்களில் நமது கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

தொழிலைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அது நல்ல தொழில்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷனிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஏரலிலும் ஒரே இரவில் சரக்கு முழுவதும் சேறாகிப் போனதைக் கண்ணால் கண்ட பிறகு, கடை ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று நினைக்காத வியாபாரக் குடும்பம் இந்தத் தாமிரபரணிக் கரையில் இருக்க முடியாது. வீட்டில் ஒருவருக்காவது கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று தாய்மார்கள் சொல்வதில் தவறே இல்லை. பத்துக்குப் பத்து அறை போதும். சரக்கை எலி கடிக்காது. பற்று எழுதிவிட்டுப் போனவர் தெரு மாறி நடக்கவும் மாட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து, உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாமல், 5 சதவீதமாகக் குறைந்தும் இருக்கிறது. கல்யாண சீசனில் மேலப்பாளையம், பேட்டை, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் என்று எல்லா ஊரிலும் ஆள் தேடுகிறார்கள். நமது கவலை தொழிலைப் பற்றியது அல்ல. அதைக் கற்றுக் கொடுக்கும் முறையைப் பற்றியது.

முதலில் அந்த வேலை என்னவென்று தெரிந்து கொள்வோம். நமக்குத் தெரிந்ததெல்லாம் குப்பியைத் திறந்து தூரிகையால் பூசுவது. அது இந்தத் தொழிலில் கால் பங்குகூட இல்லை. இன்று கேட்கப்படுவது நகத்தை நீட்டுவது. நகத்தின் அடியில் உள்ள தோலை மெதுவாகத் தள்ளி, நகத்தின் பளபளப்பை மட்டும் அரத்தால் எடுத்து, எண்ணெய்ப் பசை போக்கி, மேலே செயற்கை நகத்தைக் கட்டுகிறார்கள். அக்ரிலிக் என்றால் ஒரு திரவமும் ஒரு பொடியும் கலந்து, தூரிகை நுனியில் மணி போல் எடுத்து, அது இறுகுவதற்குள் வடிவம் கொடுக்க வேண்டும். ஜெல் என்றால் பூசிய பிறகு புற ஊதாக் கதிர் விளக்கில் காட்டி இறுக்க வேண்டும். விளக்கும் ஜெல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் மேலே காய்ந்தது போல் தெரியும். உள்ளே காயாமல் இருக்கும். காயாத ஜெல்தான் தோலுக்கு ஆபத்தானது. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அடியில் விழும் இடைவெளியை நிரப்ப வேண்டும். கழற்றும்போது அசிட்டோனில் ஊற வைத்து எடுக்க வேண்டும். நெம்பி எடுத்தால் சொந்த நகமும் பெயர்ந்து வரும். மின்சார அரத்தை அழுத்திப் பிடித்தால் நகம் சூடேறித் தேய்ந்து மெலிந்து போகும். அப்படிப் போன நகம் முழுதாக வளர்ந்து வர ஆறு மாதம் ஆகும்.

இதையெல்லாம் எத்தனை நாளில் கற்க முடியும் என்பதுதான் கேள்வி. பத்து நாளில் முடியும் என்று போர்டு சொல்கிறது. சில இடங்களில் மூன்றே நாள்.

நமது உறுப்பினர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அவர் பெயரும் பயிற்சி மையத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. மகள் பிளஸ் டூ முடித்தவள். கைவேலையில் ஆசை உள்ளவள். வீட்டிலிருந்த சங்கிலியை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார்கள். பன்னிரண்டு நாள் வகுப்பு. அதில் பாதி நாள் செயற்கைக் கை ஒன்றில் பழக்கம். மீதி நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில். கடைசி நாள் மாலை அங்கேயே ஒரு தேர்வு. அன்றைக்கே தங்க எழுத்தில் அச்சடித்த சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்தோடு கையில் கொடுத்தார்கள். மேலே ‘இன்டர்நேஷனல்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. கடன் கேட்டு வங்கிக்கு எடுத்துப் போனபோது கிளை மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதில் தேர்வு நடத்தினது யாரு, அங்கீகாரம் கொடுத்தது யாரு, ஒண்ணும் இல்லையே” என்றாராம். அவர் சொன்னதில் தவறு இல்லை. சொல்லிக் கொடுத்தவர், கேள்வி கேட்டவர், மார்க் போட்டவர், கையெழுத்துப் போட்டவர், பணம் வாங்கியவர் எல்லாம் ஒரே ஆள். பிறகு அந்தப் பெண் பாளையங்கோட்டையில் ஒரு பார்லரில் சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் நின்று வேலை கற்றாள். இன்று நன்றாகச் செய்கிறாள். சங்கிலி மட்டும் இன்னும் மீண்டபாடில்லை.

இதை எழுதும்போது நமக்கு அந்த மாடி அறைகளில் முன்பு நடந்த டைப்ரைட்டிங் வகுப்புகள் நினைவுக்கு வருகின்றன. அவையும் தனியார் நடத்தியவைதான். மாதக் கட்டணம் வாங்கியவைதான். அந்தக் காலத்தில் நம் ஊரில் லோயர், ஹையர் பாஸ் செய்யாத எஸ்.எஸ்.எல்.சி. பையனைப் பார்ப்பதே அரிது. ஆனால் லோயர், ஹையர் பரீட்சையை அந்த இன்ஸ்டிடியூட் நடத்தவில்லை. அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தியது. இன்றும் அதுவே நடத்துகிறது. நிமிடத்துக்கு 30 சொல் என்றால் 30 சொல், 45 என்றால் 45. மாஸ்டர் நல்லவரா, பீஸ் அதிகமா என்பதெல்லாம் பரீட்சை மண்டபத்தில் எடுபடாது. எந்த மெஷினில் உட்கார வைத்தாலும் அடித்துக் காட்ட வேண்டும். அதனால்தான் அந்தச் சான்றிதழைப் பார்த்து எந்த ஆபீசிலும் மறு கேள்வி கேட்காமல் வேலை கொடுத்தார்கள். தையலுக்கும் ஓவியத்துக்கும் அரசுத் தேர்வுத் துறை தொழில்நுட்பத் தேர்வு வைத்ததும் இதே முறைதான். கற்பிப்பது ஒருவர், சோதிப்பது வேறொருவர். தராசு நம்முடையதாக இருந்தாலும், எடைக்கல்லுக்கு முத்திரை வைக்க ஆய்வாளர்தான் வர வேண்டும். வியாபாரிக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நகக் கலைக்கு அப்படி ஒரு வழி இந்த நாட்டில் இல்லையா? இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. நமது மக்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்பதே குறை.

ஐ.டி.ஐ. என்றால் பிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன் என்றுதான் நாம் நினைக்கிறோம். பேட்டை ஐ.டி.ஐ. நமக்கு அப்படித்தான் பழக்கம். ஆனால் ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ‘காஸ்மெட்டாலஜி’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம். ஓராண்டுப் படிப்பு. தோல், முடி, நகம் மூன்றும் அதில் அடக்கம். அகில இந்திய அளவில் தேர்வு நடந்து, தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்கும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது. ஆகவே சேர்க்கை அறிவிப்பு வரும் காலத்தில் எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்துக் கொள்ள வேண்டும். பக்கத்து மாவட்டம் என்றால் விடுதியில் விட வேண்டி வரும் என்று தயங்குகிற பெற்றோர், தனியார் மையத்துக்குக் கட்டும் பணத்தையும் ஒரு முறை கூட்டிப் பார்ப்பது நல்லது.

நகத்தை மட்டும் கற்க விரும்புகிறவர்களுக்கு வேறு ஏற்பாடு. மத்திய அரசு 2013 டிசம்பரில் தொழில் திறன்களுக்கு ஒரு தேசியத் தர வரிசையை அறிவித்தது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு திறன் குழுவும் இருக்கிறது. அழகுக் கலைத் துறைக்கான குழு, நகக் கலைஞர் என்ன தெரிந்திருக்க வேண்டும், எதைச் செய்து காட்ட வேண்டும் என்று தனியாக வகுத்து வைத்திருக்கிறது. கருவிகளைச் சுத்தம் செய்வது, வாடிக்கையாளரின் நகத்தில் நோய்க் குறி இருந்தால் தொடாமல் திருப்பி அனுப்புவது, மருந்துகளைக் கையாள்வது எல்லாம் அதில் அடங்கும். 2018ல் இவை அனைத்தையும் கண்காணிக்க ஒரு தேசியக் குழுமம் அமைக்கப்பட்டது; என்.சி.வி.இ.டி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சான்றிதழ் வழங்கும் அமைப்புக்கு ஓர் அங்கீகாரம், தேர்வு நடத்தி மதிப்பிடும் அமைப்புக்கு வேறோர் அங்கீகாரம் என்று இரண்டையும் அது தனித்தனியாக வைத்திருக்கிறது. நமது பழைய டைப்ரைட்டிங் முறைதான், புதுப் பெயரில்!

கையில் வேலை இருந்தும் காகிதம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2015ல் தொடங்கிய பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தில், ஏற்கெனவே செய்து பழகியவர்களைச் சோதித்துப் பார்த்துச் சான்று அளிக்கும் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. பார்லரில் பல ஆண்டு நின்று கற்ற பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

பணம் கட்டவே வழியில்லை என்கிறவர்களுக்கு, மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயதொழில் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. இந்த யோசனை 1982ல் கர்நாடகத்தில் தர்மஸ்தலம் அருகே உஜிரேயில் இரண்டு வங்கிகளின் கூட்டில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. பயிற்சி இலவசம், சாப்பாடும் இலவசம். பியூட்டி பார்லர் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும். கணக்கு எழுதுவது, வங்கிக் கடன் கேட்பது எல்லாம் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். நகத்துக்கு அதில் ஒதுங்கும் நேரம் குறைவு என்பது உண்மை. ஆனாலும் பன்னிரண்டு நாளில் அடகுச் சீட்டோடு வெளியே வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலை நன்றாகக் கற்றுக் கொடுக்கும் இடம் வகுப்பறை அல்ல. நல்ல கை உள்ள ஒருவரின் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான். நாமும் அப்படித்தான் கற்றோம். பொட்டலம் மடிக்கவும், எள்ளைக் கையில் எடுத்ததும் ஈரம் சொல்லவும் நமக்கு எந்த வகுப்பு சொல்லிக் கொடுத்தது? பத்தமடைப் பாய் நெய்கிற பெண்களுக்கும் தாயின் தறிதான் பள்ளிக்கூடம். கற்றுக் கொள்கிறவருக்கு உதவித் தொகை கொடுத்து வேலை பழக்க 1961ல் ஒரு சட்டமே வந்தது. அதற்குத் துணையாக 2016ல் ஒரு மானியத் திட்டமும் வந்தது. ஆனால் விதி என்ன சொல்கிறது? 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும். 4 பேர் முதல் உள்ள நிறுவனம் விரும்பினால் எடுக்கலாம். நம் ஊர்ப் பார்லர்களில் எத்தனையில் நான்கு பேர் இருக்கிறார்கள்? முதலாளி அம்மாவும் ஒரு உதவிப் பெண்ணும்தான். ஆகவே உண்மையில் தொழில் கற்கப்படும் இடம் சட்டத்தின் கணக்கிலேயே வருவதில்லை. அங்கே நிற்கும் பெண்ணுக்குச் சம்பளமும் இல்லை, சான்றும் இல்லை. அதனால்தான் அவள் மாடிப் போர்டைப் பார்த்துப் பணம் கட்டுகிறாள்.

வெளிநாட்டில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏனெனில் இந்தத் தொழிலின் வரலாற்றில் வியாபாரிகள் கற்க வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது. 1975ல் சைகோன் வீழ்ந்த பிறகு வியட்நாமிலிருந்து அகதிகள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். கலிபோர்னியாவில் சேக்ரமென்டோ நகருக்கு அருகே ஒரு முகாமில் பெண்கள் தங்கியிருந்தார்கள். ஹிட்ச்காக் எடுத்த படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் என்ற நடிகை அவர்களுக்கு உதவப் போய் வந்து கொண்டிருந்தார். அவருடைய நகங்களை அந்தப் பெண்கள் ஆவலோடு பார்ப்பதைக் கவனித்தவர், தமக்கு நக அலங்காரம் செய்பவரையே அழைத்து வந்து சொல்லிக் கொடுக்க வைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு நாள் தமாஷாக முடிந்திருக்கும். பக்கத்திலிருந்த அழகுக் கலைப் பள்ளியில் இருபது பெண்களைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். அவர்கள் முறையாகப் படித்து, மாநில வாரியத்தின் தேர்வு எழுதி, உரிமம் பெற்றார்கள். அந்த உரிமம்தான் அவர்களைத் தூக்கி விட்டது. அதைக் கையில் வைத்துக் கொண்டு அவர்கள் கடை திறக்க முடிந்தது, உறவினரை அழைத்து வேலை கொடுக்க முடிந்தது. பிறகு அவர்களிலேயே பயிற்சிப் பள்ளி நடத்துபவர்கள் வந்தார்கள், மருந்தும் கருவியும் மொத்தமாக விற்கும் வியாபாரிகளும் வந்தார்கள். இன்று அமெரிக்காவில் நகக் கலைஞர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வியட்நாமியர். ஆங்கிலம் தடையாக இருந்ததால் கலிபோர்னியாவில் வியட்நாமிய மொழியிலேயே தேர்வு எழுதவும் வழி செய்தார்கள். அங்கே உரிமத்துக்கு 400 மணி நேரப் பயிற்சி விதி. கனெக்டிகட் என்ற மாநிலம் மட்டும் நெடுங்காலம் உரிமமே கேட்காமல் இருந்தது. அதுவும் 2021 முதல் கேட்கிறது.

400 மணி என்பதை நம் கணக்கில் சொன்னால், நாளுக்கு எட்டு மணி என்றால் ஐம்பது முழு நாள். பன்னிரண்டு நாள் எங்கே, ஐம்பது நாள் எங்கே!

நமது நாட்டில் இந்த வேலை செய்யத் தனி ஆளுக்கு உரிமம் எதுவும் கட்டாயம் இல்லை. மாநகராட்சி கொடுக்கும் தொழில் உரிமம் இடத்துக்குக் கொடுப்பது. உரிமம் கட்டாயமாக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. இன்னொரு ஆபீஸ், இன்னொரு இன்ஸ்பெக்டர் என்றால் என்னவாகும் என்று நமக்குத் தெரியாதா? உணவுப் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒரு நாள் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கிக் கடையில் மாட்டியவர்கள்தானே நாம். கட்டாயம் என்று வந்துவிட்டால் காகிதம் பெருகும், கை பெருகாது. நாம் கேட்பது கட்டாயம் அல்ல. படிக்கிறவர் விரும்பினால் வெளியார் ஒருவர் முன்னால் செய்து காட்டித் தேற, நெல்லையிலேயே ஒரு வசதி.

இனி நம் பக்கத்துப் பொறுப்புக்கு வருவோம். பயிற்சி சரியில்லாதவர் கையில் மருந்தும் சரியில்லை என்றால் கேடு இரட்டிப்பாகும். அந்த மருந்தை விற்பது நாம்.

அக்ரிலிக் திரவத்தில் ஒரு மலிவான வகை உண்டு. மெத்தில் மெத்தாக்ரிலேட் என்று பெயர். பல்செட்டு தயாரிக்கும் இடத்தில் பயன்படுவது. நகத்தில் அது கல் போல் பிடித்துக் கொள்ளும். அசிட்டோனில் எளிதில் கரையாது. எங்காவது மோதினால் சொந்த நகத்தோடு பிய்த்துக் கொண்டு வரும். 1970களிலேயே அமெரிக்காவில் அதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள். ஜெல் மருந்துகளில் வேறு பிரச்சினை. தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுளுக்கும் போகாது. விரல் நுனி வெடிக்கும். கண் இமையில்கூடத் தடிப்பு வரும். பின்னால் பல் அடைக்கும்போது வைக்கும் பொருளும் ஒத்துக் கொள்ளாமல் போகலாம். வாடிக்கையாளரைவிட இதில் அதிகம் அகப்படுவது தினமும் தொடுகிற அந்தப் பெண்தான். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018ல் இதைப் பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய நாடுகள் 2020ல் இந்த வகை மருந்துகள் சிலவற்றைத் தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று விதி செய்தன. ஜெல்லில் சேர்க்கும் இன்னொரு பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே முழுவதுமாகத் தடை செய்துவிட்டார்கள். ஒரு நாட்டில் தடையான சரக்கு விலை குறைந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது வியாபாரிகளுக்குப் புதிதல்ல.

அழகுசாதனப் பொருள்களைச் சில்லறையில் விற்க நமக்குத் தனி உரிமம் தேவையில்லை. இதனாலேயே பலர் அலட்சியமாக இருக்கிறோம். ஆனால் தயாரிக்க உரிமம் வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணும் பதிவு பெற்றவர் முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். போலிச் சரக்கும் பதிவில்லாத சரக்கும் பிடிபட்டால் விற்றவர் மீதும் சட்டம் பாயும். பெயரில்லாத குப்பியில், சீன எழுத்து மட்டும் போட்ட லேபிளோடு, பில் இல்லாமல் வருகிற ஜெல்லையும் திரவத்தையும் லாபம் நல்ல லாபம் என்று எடுத்து அடுக்குகிற பேன்சி மொத்த வியாபாரிகள் இதை யோசிக்க வேண்டும். மிளகாய்த் தூளில் கலப்படம் என்றால் நாம் எவ்வளவு கொதிக்கிறோம்!

மருதாணியிலும் இதே கதை. ராஜஸ்தானில் சோஜத்திலிருந்து வரும் நல்ல மருதாணித் தூள் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். அதற்கும் சில மணி நேரம் ஆகும். அரை மணியில் கருகருவென்று பிடிக்கிற கோன் என்றால் அதில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் இரசாயனம் இருக்கிறது என்று அர்த்தம். கைத்தோல் கொப்புளித்துப் போன மணப்பெண்ணின் தகப்பனாருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

பணம் கட்டப் போகும் பெற்றோருக்குச் சில வார்த்தை. போர்டில் ‘இன்டர்நேஷனல்’ என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். லண்டனில் 1878 முதல் இருக்கும் சிட்டி அண்ட் கில்ட்ஸ் போன்ற உண்மையான அமைப்புகளும் உண்டு. அவர்கள் பெயரைச் சொன்னால், அந்த மையம் அவர்களிடம் பதிவு பெற்றதா என்று அந்த அமைப்பிடமே எழுதிக் கேட்டு விடலாம். தேர்வு யார் நடத்துவார்கள், வெளியிலிருந்து ஆள் வருவார்களா என்பதை முதலில் கேளுங்கள். சான்றிதழில் என்.சி.வி.இ.டி. அங்கீகாரம் இருக்கிறதா, கியூ.ஆர். கட்டத்தைப் படம் பிடித்தால் அரசின் பதிவு திறக்கிறதா, அல்லது மையத்தின் விளம்பரம் திறக்கிறதா என்று பாருங்கள். எத்தனை உயிருள்ள கையில் வேலை செய்ய விடுவார்கள் என்று கேளுங்கள். செயற்கைக் கை வலிக்கிறது என்று சொல்லாது. மருந்து, தூரிகை, விளக்கு எல்லாம் கட்டணத்தில் சேர்த்தியா, தனியா என்பதை எழுதி வாங்குங்கள். ரசீது கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற தொழிற் படிப்புக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அங்கீகாரம் பெற்றது என்று வாயால் சொல்லிவிட்டுப் பில்லில் 18 சதவீதம் போட்டால், அந்த ஒரு வரியிலேயே உண்மை தெரிந்துவிடும். இந்தக் கடைசி யோசனை மற்றவர்களுக்குத் தோன்றாது. நமக்குத் தோன்ற வேண்டும்.

நல்ல பயிற்சி மையங்களும் நமது ஊரில் இருக்கின்றன. அவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். உண்மையில் அவர்களுக்குத்தான் இதனால் நன்மை. பன்னிரண்டு நாள் போர்டுக்காரரோடு கட்டணத்தில் போட்டி போட முடியாமல் தவிப்பவர்கள் அவர்கள்.

நமது சங்கம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. தேர்ச்சித் தேர்வு முகாம் நெல்லையில் நடத்தக் குறைந்தபட்சம் ஆட்களும் இடமும் வேண்டும். பயிற்சி முடித்துக் காகிதம் இல்லாமல் பார்லர்களில் நிற்கும் பெண்கள் டவுணிலிருந்து அம்பாசமுத்திரம் வரை, ஸ்ரீவைகுண்டம் வரை இருக்கிறார்கள். அவர்கள் பெயரைத் திரட்டிக் கொடுக்க நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? அவர்கள் மருந்து வாங்குவது நம்மிடம். வாடகை கொடுப்பது நம்மிடம். இடத்துக்கு நமது சங்கக் கட்டட மண்டபம் இருக்கிறது. வார நாளில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. பட்டியலோடு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்துக்கும் மனுக் கொடுத்து, நகக் கலைக்கென்று மதிப்பீட்டாளரை அனுப்பும்படி கேட்கலாம். சுயதொழில் பயிற்சி நிறுவனத்திடம், பார்லர் பயிற்சியில் நகத்துக்குக் கூடுதல் நாள் ஒதுக்கும்படியும் கேட்கலாம்.

இதை அடுத்த செயற்குழுவில் பொருளாகச் சேர்க்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறோம். அதற்குள் மாடியில் பார்லர் வைத்திருக்கும் உறுப்பினர்கள் வாடகை வாங்கப் போகும்போது, அங்கே வேலை பழகும் பெண்கள் எத்தனை பேர், எத்தனை மாதமாக நிற்கிறார்கள் என்று கேட்டு எழுதிக் கொண்டு வந்தால், மனுவுக்கு முதல் பக்கம் தயாராகிவிடும்.